வேறு வைத்த வீட்டில் மாத்திரை வேளை

அத்தியாயம் 14

கார் நேமத்தான்பட்டி எல்லையைத் தாண்டும்போதே விசாலிக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

பின் இருக்கையின் இந்த ஓரத்தில் அவள். அந்த ஓரத்தில் அவள் ஆச்சி என்று அழைக்க வேண்டிய மூத்த ஓரகத்தி நாச்சியம்மை. நடுவில் இரண்டு பைகள். ஒன்று நாச்சியம்மையின் வயர்க்கூடை, இன்னொன்று விசாலியின் துணிப்பை. இரண்டிலும் மாத்திரைகள். வண்டி குலுங்கியபோது துணிப்பை சாய்ந்து கூடையின் மேல் விழுந்தது. விசாலி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாச்சியம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னால், வண்டி ஓட்டும் நாச்சியம்மையின் கணவன் இராமுவின் பக்கத்தில், மாமனார் மெய்யநாதன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று காரைக்குடிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்துவிட்டு வருகிறவர் இப்படித்தான் போவார். போகும் வழியில் பேச மாட்டார். வரும் வழியில் பேச முடியாது.

முந்தின நாள் டாக்டர் ஸ்ரீநிவாசன் போன் செய்திருந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே விட்டால் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிவிடும், எதனால் என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்றார். மாத்திரை கொடுக்கிறவர் யாரோ அவரே நேரில் வரட்டும், வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாம் வரட்டும் என்றும் சொன்னார். இராமு அதை வீட்டு நடுவில் இருக்கும் வளவு முற்றத்தில் நின்று, இரண்டு சமையற்கட்டுக்கும் கேட்கிற மாதிரி, பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். விடிந்து பார்த்தால் இரண்டு பேரும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

நீ எதற்கு வருகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

அந்த வீட்டில் அடுப்பு இரண்டு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில், அதே வீட்டுக்குள் தனி அடுப்பும் பாத்திரமும் அரிசி பருப்பும் கொடுத்து வேறு வைப்பது அவர்கள் வழக்கம். சண்டை வந்து பிரிப்பதல்ல. மருமகள் தன் குடித்தனத்தைத் தானே நடத்திப் பழகட்டும் என்பதுதான். மூத்தவன் இராமுவை அப்படி வைத்தார்கள். விசாலியின் கணவனான இளையவன் ரவிக்குமாரையும் வைத்தார்கள். மாமியார் இருந்தவரை இரண்டு அடுப்புக்கும் நடுவில் குழம்புக் கிண்ணத்தோடு அவர் போய்வந்துகொண்டிருந்தார். அவர் போன பிறகு மெய்யநாதன் ஒரு மாதம் மூத்தவள் கையிலும் ஒரு மாதம் இளையவள் கையிலும் சாப்பிட்டார்.

போன ஆவணியில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்று தெரிந்தது. அன்றைக்கு விசாலி, பெங்களூருவில் வேலை பார்க்கும் தன் கணவனிடம் போனில், "பின்னே, ஊறுகாயும் வத்தலுமா மனுசரை உப்புலயே ஊறப் போட்டா என்ன ஆகும்?" என்று சொன்னாள். அந்த ஊறுகாயும் வத்தலும் போட்ட நாச்சியம்மை தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, அதன்பிறகு இரண்டு பேரும் மாமனாரைக் கவனித்த கவனிப்பை அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொல்லுவார்கள். நாச்சியம்மைக்குத் தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டியிருந்தது. விசாலிக்குத் தான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. மூத்தவன் காரைக்குடியில் வாங்கி வரும் மாத்திரைகள் மூத்தவள் அலமாரிக்குப் போயின. இளையவன் பெங்களூருவிலிருந்து போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைப்பவை இளையவள் அலமாரிக்கு வந்தன.

காரில் போகும்போது இருவர் மனதிலும் ஒரே நினைப்புதான். இவள் எதையோ தப்பாகக் கொடுக்கிறாள், இன்றைக்கு டாக்டர் முன்னால் வெளிச்சமாகிவிடும். அதற்காகவே கிளம்பி வந்திருந்தார்கள்.

காரைக்குடிக்குள் நுழைகிற இடத்தில் புதுவயல் மில்லுக்குப் போகிற நெல் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு திரும்பியது. இராமு ஹாரன் அடித்தான். மெய்யநாதன் கண்ணைத் திறக்காமலே, "அவன் திரும்பட்டும்ப்பா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

டயாலிசிஸ் பிரிவில் முதல் வேலை எடை பார்ப்பது. சிறுநீர் போகாத உடம்பில், குடித்த தண்ணீர் எல்லாம் எடையாகத்தான் நிற்கும். நர்ஸ் சுமையா முள்ளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஐயா, வரும்போது ஊருணியையும் மடியில கட்டிக்கிட்டு வந்துட்டீகளா?"

"ஆனி வெக்கை தாயி."

"போன மாசம் வைகாசி வெக்கைன்னீக. அடுத்து ஆடிக் காத்துன்னு சொல்லுவீக. மெஷின்தான் பாவம், இழுத்து இழுத்துச் சாகுது."

அவர் லேசாகச் சிரித்தார். வீங்கிய பாதங்களைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். விசாலி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அதற்குள் நாச்சியம்மை வாங்கிவிட்டாள்.

டாக்டர் ஸ்ரீநிவாசன் மேசையை ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தார். எதிர் நாற்காலியில் மெய்யநாதன். பின்னால் மூன்று பேரும் நின்றார்கள்.

"இதுல எந்தப் பை?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் தங்கள் பையைத்தான் முன்னால் வைத்தார்கள்.

டாக்டர் கூடையைக் கவிழ்த்தார். துணிப்பையையும் கவிழ்த்தார். ரத்த அழுத்தத்துக்கு, சாப்பாட்டோடு மெல்லுவதற்கு, டயாலிசிஸ் முடிந்ததும் போடுகிற பி வைட்டமின் என்று ஒவ்வொரு அட்டையாகப் பிரித்து ஜோடி ஜோடியாக அடுக்கினார். கடைசியாக, ஜெல்லி மாதிரி இருக்கும் சின்ன உருண்டை மாத்திரை அட்டைகள் இரண்டு. இரண்டும் ஒரே மருந்து. இரண்டும் பாதிக்கு மேல் காலி.

"இந்த வைட்டமின் டியை எப்பக் குடுக்கிறீங்க?" என்று விசாலியைப் பார்த்தார்.

காலைப் பலகாரம் முடிந்ததும் கொடுப்பேன், விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன் என்றாள். அவள் அரியக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"நீங்க?"

நாச்சியம்மை விசாலி இருக்கும் பக்கம் திரும்பாமலே பேசினாள். "பள்ளிக்கூடம் போறவுக அவசரத்துல போயிருவாக. அதனால நான் வந்து, மாத்திரை போட்டீகளா மாமான்னு கேப்பேன். இல்லை ஆத்தாம்பாக. அப்புறம் குடுப்பேன்."

விசாலி ஓரடி முன்னால் வந்தாள். "நான் கையில குடுத்துட்டுப் போறேன் டாக்டர். ஆச்சி முறை வர்ற மாசத்துல, சாயங்காலம் வந்து நானும் கேப்பேன். அப்பவும் இல்லைன்னுதான் சொல்வாக."

இராமு அப்பச்சி என்று அழைக்கும் தன் தகப்பனாரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். வைட்டமின் என்றால் சத்து, ஒன்று கூடுதலாகப் போனால் என்ன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டயாலிசிஸ் உடம்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. பி மாதிரி தண்ணீரில் கரைகிறவற்றை மெஷின் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் முடிந்த பிறகு போடச் சொல்வது. டியை மெஷின் கழுவாது. கூடினால் கால்சியத்தை ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். ஏறின கால்சியம் ரத்தக் குழாயில் சுண்ணாம்பு மாதிரி படியும்.

"எங்க வீட்டுச் சுவத்துக்கும் சுண்ணாம்புதான் டாக்டர் பூசியிருக்கு," என்றார் மெய்யநாதன். "நூறு வருசமா நிக்குது."

டாக்டர் மேசைக்கு மேல் குனிந்தார். "ஐயா, காலையில ஒரு தடவை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்காதா?"

மெய்யநாதன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"மறந்துபோகுது," என்றார்.

அந்த ஒரு சொல்லில் இராமுவின் முகம் மாறிவிட்டது. கால்சியம் கூடினால் புத்தி தடுமாறும், வேறு காரணமும் இருக்கலாம், எதற்கும் மதுரையில் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இராமுவுக்கு அதில் பாதி காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். மதுரையில் யார் யாரையோ கூப்பிட்டான். அப்பச்சிக்கு மறதியாம், அப்பச்சிக்கு மறதியாம் என்று அவன் சொல்வது வராந்தா முழுக்கக் கேட்டது.

நாச்சியம்மை பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கலாம் என்பதால் விசாலி போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெய்யநாதனின் இடது கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே போய்க் குழாய் வழியே திரும்பியது. வழக்கம்போல அவருக்குக் குளிர ஆரம்பித்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். வழக்கம்போல கெண்டைக்கால் இழுத்தது. காலடிக்குப் போய் நீவிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டிலிலும் இதே களைப்புதான். சுமையாவைத் தவிர வேறு யாரும் சத்தமாகப் பேசவில்லை.

சுமையாவுக்கும் செய்தி எட்டியிருந்தது. ஊசியைச் சரிபார்க்கும் சாக்கில் வந்து அவரைச் சோதித்தாள்.

"ஐயா, என் தங்கச்சி நிக்காஹ் எப்பன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"பக்ரீத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைன்னே. மாப்பிள்ளை குவைத்துல இருக்காரு. அந்த வெள்ளிக்குள்ள வர லீவு கிடைக்கலை, ஞாயித்துக்கிழமைக்கு மாத்தப் போறோம்னும் சொன்னே."

"மறதியாம்ல!" என்று சுமையா விசாலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மெய்யநாதன் கண்ணை மூடிக்கொண்டார். விசாலி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மெஷினை நிறுத்தி, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டிய பிறகு, பி வைட்டமினும் ஃபோலிக் ஆசிடும் கொடுக்கச் சொன்னாள் சுமையா. விசாலி இரண்டு மாத்திரையையும் அவர் உள்ளங்கையில் வைத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

அவர் ஒரு மாத்திரையை மட்டும் வாயில் போட்டார். மூடித் தண்ணீரை முழுதும் குடித்தார். உடனே விழுங்காமல் வாயில் வைத்திருந்தார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் நகர்த்திவிட்டு மெதுவாக இறக்கினார். பிறகு மற்ற மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு, காலி மூடியை நீட்டினார். அவர் பார்வை மாத்திரையிலும் இல்லை, அவள் மேலும் இல்லை. பாட்டிலில் இருந்தது.

இதைத் தினமும் காலையில் அவள் பார்த்திருக்கிறாள். அவசரத்தில் கவனித்ததில்லை.

ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மாமா, உங்களுக்கு மறக்கலை."

அவர் போர்வை நுனியை விரலில் சுற்றினார்.

"போட்டாச்சுன்னு தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னீகளா?"

"தாகமா இருக்கு விசாலி," என்றார். அதற்கு மேல் வராது என்று நினைத்தாள். வந்தது. "சும்மா தண்ணி கேட்டா ஆளாளுக்கு ஒரு முகம் காட்டுறீக. சோத்துக்குன்னா அளக்கிறீக. மாத்திரைன்னா மட்டும் நீங்களே தம்ளரோட வந்து நிக்கிறீக. அதுல ஒரு மடக்கு கூடப் போனா யாரும் பாக்குறதில்லை."

"மாத்திரை விஷமாப் போகும்னு..."

"வைட்டமின்தானேன்னு நினைச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மெஷின்களுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடம் அங்கேதான். அவர் தலையை அந்தப் பக்கம் அசைத்தார். "கேளு. இந்த மிசின் ஒரு ஆளுக்குக் குடம் குடமாக் குடிக்குதாம், சுமையா சொல்றா. நான் படுத்துக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டே கிடப்பேன்."

வயது அறுபதுக்கு மேல். ரங்கூனிலும் சென்னையிலும் தொழில் பார்த்த குடும்பத்தில் பிறந்து, ஊர் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நின்ற மனிதர், மருமகளிடம் ஒரு வாய்த் தண்ணீருக்குப் பொய் சொல்லியிருக்கிறார். மாட்டிக்கொண்டதும் புத்தி பேதலித்தவன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

"மூத்தவகிட்டச் சொல்லாதே," என்றார். "ஏற்கெனவே அவ உப்புனாலதான்னு உக்காந்துக்கிட்டிருக்கா. இப்ப அவ குடுத்த மாத்திரையும்னா தாங்க மாட்டா. பிள்ளைகளுக்கும் தெரிய வேணாம்."

உப்பு என்றபோது அவர் விசாலியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நடந்துகொண்டே யோசித்தாள். இராமு அவரை மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேனுக்குள் படுக்க வைப்பான். இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும். இருக்கிற தாகம் வேறு வழி தேடிக்கொள்ளும். குளியலறைக் குழாய் இருக்கிறது, சாமி அறைச் செம்பு இருக்கிறது. ஒரு ஆள் மட்டும் கண் வைத்தால் அது நிற்காது. இரண்டு அடுப்பும் ஒன்றாகப் பார்த்தால்தான் நிற்கும்.

நாச்சியம்மை அதே பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள். பக்கத்தில் மாமனாரின் செருப்பு.

"ஆச்சி."

நாச்சியம்மை நிமிர்ந்து, தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"மாமாவுக்கு மறதி இல்லை. தண்ணித் தாகம்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தம்ளரோடு வந்து நிற்பதைப் பற்றி, ஒவ்வொரு மாத்திரையாகப் போடுவதைப் பற்றி, சொல்லாதே என்றதையும்கூட. நாச்சியம்மையின் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு உதடு கோணியது.

"தாகம் எதனால வரும்? உப்புனால வரும். அதைச் சொல்லத்தானே பத்து மாசம் கழிச்சு வாயத் திறந்து வந்திருக்கே."

"இது ஆனி, ஆச்சி. என் முறை. அவுக திங்கிறது என் சாப்பாடு."

நாச்சியம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எங்கிட்டு உப்புப் போடுறே?" என்றாள். "உன் மாசம் பிறந்தா மாமா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வைக்கோலைத் திங்கிற மாடு மாதிரி அசை போட்டுக்கிட்டு இருப்பாக."

விசாலிக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியாமல் கண்ணில் வந்து நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தாள். நாச்சியம்மை செருப்பை நகர்த்தி இடம் விட்டாள்.

"வா, டாக்டர்கிட்டப் போவோம்," என்றாள். "அவுககிட்ட மட்டும் சொல்ல வேணாம். அப்பச்சி தண்ணிக்குப் பொய் சொன்னாகன்னு தெரிஞ்சா, கடையைச் சாத்திட்டு உள்ள உக்காந்து அழுகிற ஆளு."

இராமுவைத்தான் சொன்னாள்.

டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. கால்சியம் கூடினாலும் நாக்கு வறளும் என்றார். தண்ணீருக்காக மாத்திரை போட்டிருக்கிறார், அந்த மாத்திரை தாகத்தை இன்னும் கிளப்பியிருக்கிறது. டியை இன்றோடு நிறுத்துங்கள், ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம், சனிக்கிழமை ரத்தம் எடுப்போம். இறங்கியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மதுரையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஒரு நாளுக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரே பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள், மாத்திரைக்கும் அதிலிருந்துதான். அதோடு, இனி ஒருத்தர் மட்டும் மாத்திரை கொடுங்கள்.

"யாருன்னு உங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கங்க," என்றார். இராமுவிடம், ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம் என்று மட்டும் சொன்னார்கள்.

வரும் வழியில் பைகள் இரண்டும் காரின் தரையில் கிடந்தன. யாரும் எடுத்து மடியில் வைக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஆனால் இது காலையில் இருந்த பேசாமை இல்லை. அலுத்துப்போனவர்களின் பேசாமை. மெய்யநாதன் தலையைக் கண்ணாடியில் சாய்த்து உறங்கிப்போனார்.

விளக்கு வைத்த பிறகு, அவர் எழுந்து வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசாலி இட்லி கொண்டுவந்து வைத்தாள். அப்போது இராமு வந்து, தான் வழியெல்லாம் யோசித்து முடிவு செய்ததைச் சொன்னான். இனிமேல் நாச்சியா மட்டும் மாத்திரை கொடுக்கட்டும், விசாலிக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறது, இரண்டு கை பட்டால் இப்படித்தான் ஆகும் என்றான்.

விசாலி தலை குனிந்தாள். அவள் அலமாரியில் இருந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

"அது சரிப்படாது," என்றாள் நாச்சியம்மை.

இராமு திரும்பிப் பார்த்தான். மனைவி தன்னை எதிர்த்துப் பேசியது கூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்து அவள் நேரே விசாலியைப் பார்த்துப் பேசியதுதான் அவனை வாயடைக்க வைத்தது.

"மாத்திரை ரெண்டு அலமாரியிலயும் வேணாம். எல்லாம் உன்கிட்ட இருக்கட்டும். தண்ணிப் பாட்டில் என்கிட்ட இருக்கட்டும். நீ காலையில கிளம்புறதுக்கு முந்தி ஒரு குரல் குடு, நான் தம்ளரோட வர்றேன். ஒருத்தி இல்லாம இன்னொருத்தி குடுக்க முடியாது."

விசாலி தலையாட்டினாள். உள்ளே போய் ராத்திரி போடுகிற ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வந்தாள். நாச்சியம்மை தன் சமையற்கட்டிலிருந்து பாட்டிலும் சின்னத் தம்ளரும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக அவர் முன்னால் வந்து நின்றார்கள்.

மெய்யநாதன் ஒருத்தியைப் பார்த்தார். இன்னொருத்தியைப் பார்த்தார். இத்தனை நாள் தனித்தனியாக வந்து நின்றவர்கள். விசாலி சொல்லிவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்துபோயிற்று. காது மடல்கள் சிவந்தன. இராமு மட்டும் ஒன்றும் தெரியாமல் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாலியின் கையிலிருந்து மாத்திரையை எடுத்தார். வாயில் போட்டார். நாச்சியம்மை தம்ளரை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. சிக்கிக்கொண்டது போல, கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு முறை இறங்கியது. பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பேருக்கும் காட்டினார். சின்னப் பிள்ளைகள் காட்டுவது போல.

"தண்ணி, மாமா," என்றாள் நாச்சியம்மை. "இது உங்களுக்குள்ளதுதான். டாக்டர் குடிக்கச் சொன்ன கணக்குத்தான்."

"வேணாம் ஆத்தா. இறங்கிருச்சு."

"ஒரு மடக்கு."

"இறங்கிருச்சுன்னு சொன்னேன்ல."

இட்லித் தட்டைத் தொடாமல் எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். நாச்சியம்மை தம்ளரோடு கதவு வரைக்கும் பின்னாலேயே போனாள். அவர் கதவைப் பாதி சாத்தினார். அவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"கேட்டவுகளுக்கு இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம்," என்றாள் மெதுவாக. "கேக்க மாட்டேன்னு போறவுகளை என்ன செய்யிறது விசாலி?"

விசாலிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் காதில் நின்றது. அதற்குச் சந்தோஷப்பட அவளுக்குத் தெம்பு இல்லை.

இராமு வாசலுக்குப் போகிற வழியில் அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "அப்பச்சி, வியாழக்கிழமை கடைக்கு லோடு வருது. டயாலிசிஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிருவோமா?"

வாரத்துக்கு மூன்று தடவை இராமு இப்படி ஏதாவது கேட்பான். வாரத்துக்கு மூன்று தடவையும் உள்ளேயிருந்து, "சரிப்பா" என்று ஒரே சொல்தான் வரும்.

இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"வியாழக்கிழமையை வியாழக்கிழமை பாத்துக்கலாம்ப்பா," என்றது மெய்யநாதனின் குரல். கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. "நீ போய் உன் வேலையைப் பாரு."

இராமு அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். வளவில் ஓரகத்திகள் இருவரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி நின்றார்கள். வியாழக்கிழமை அவர் டயாலிசிஸுக்குக் காரில் ஏறப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இருவருக்கும் இல்லை.